மனநோயும் மருந்தின் எல்லையும்

உடல் நோயுற்றால் ஊர் நலம் கேட்கிறது. உள்ளம் நோயுற்றால் ஊர் பெயர் சூட்டுகிறது. கையில் கட்டுப் போட்டுக்கொண்டு சிராங்கூன் சாலையில் நடக்கும் ஒருவரை, தேக்கா சந்தையை அடைவதற்குள் பத்துப் பேர் நிறுத்திக் காரணம் கேட்பர். அவரே ஆறு திங்களாக உறக்கமின்றி, உணவில் விருப்பமின்றி, வாழ்வே சுமையெனக் கருதி நடந்தால் கேட்பார் இலர். வீட்டாரும் மறைப்பர், அவரும் மறைப்பார். இவ்வேறுபாடு அறமாகுமா? மூளையின் இயக்கத்தை அறிவியல் விளக்கிவிட்டால் இது நீங்கிவிடுமா?

சிங்கப்பூருக்கு இவ்வினா புதிதன்று. 1928-இல் இயோ சூ காங் சாலைப் பகுதியில் மனநோயாளர்க்கென மருத்துவமனை ஒன்று திறக்கப்பட்டது. அருகிலிருந்த மரப்பாலத்தை ஒட்டி, 1951-இல் அது உட்பிரிட்ஜ் மருத்துவமனை எனப் பெயர் பெற்றது. பாலத்தின் பெயரில் இழிவு ஏதுமில்லை. ஆயினும் நாளடைவில் அது ஏளனச் சொல்லாயிற்று. 1993-இல் மருத்துவமனை புவாங்கோக் வளாகத்திற்கு இடம்பெயர்ந்து, மனநலக் கழகம் எனப் புதுப்பெயர் பூண்டது. பெயர் மாறிற்று, அச்சம் முற்றும் மாறவில்லை. 2016-ஆம் ஆண்டின் மனநல ஆய்வு, இந்நாட்டில் எழுவரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையேனும் மனநோய்க்கு ஆளாவதாகக் கண்டது. அவர்களுள் முக்கால் பங்கினருக்கு மேற்பட்டோர் மருத்துவ உதவியை நாடவில்லை என்பதையும் அது காட்டிற்று. மருந்து இல்லாமையன்று, நாணமே பலரைத் தடுக்கிறது எனலாம்.

இனி, அறிவியல் கூறுவதைக் காண்போம். மூளையின் நரம்பணுக்கள் ஒன்றோடொன்று வேதிப் பொருள்களால் உரையாடுகின்றன. அவற்றுள் கிளர்ச்சியூட்டும் பொருள்களில் தலையாயது குளுட்டமேட். 1908-இல் சப்பானிய அறிஞர் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தெடுத்து, சுவைக்குக் காரணம் எனக் காட்டியதும் இதுவே. கடைகளில் அஜினமோட்டோ என விற்கப்படுவது இதன் உப்பு. உணவில் உள்ள குளுட்டமேட் மூளைக்குள் எளிதில் புகுவதில்லை. மூளை தனக்கு வேண்டியதைத் தானே ஆக்கிக்கொள்கிறது. ஓர் அணு வெளியிடும் குளுட்டமேட்டை அடுத்த அணுவின் மேலுள்ள ஏற்பிகள் பற்றிக்கொள்கின்றன. பூட்டுக்கேற்ற சாவி போன்றது இவ்விணைவு. என்.எம்.டி.ஏ. என்னும் ஏற்பி, கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாதது. மாணவன் ஒருவன் செய்யுளை மனனம் செய்கையில் இப்பூட்டுகளே திறந்து மூடுகின்றன.

இந்த ஏற்பியை அடைக்கவல்லது கெட்டமின் என்னும் மருந்து. 1962-இல் உருவாக்கப்பட்ட இது, அறுவைக்கு முன் நோயாளியை மயக்கப் பயன்படுகிறது. 1994-இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நலமுள்ளோர்க்கு இதனைச் சிறிதளவு அளித்தபோது, சிறிது நேரத்திற்கு அவர்தம் எண்ணங்கள் சிதறின. மனப்பிளவு நோயை ஒத்த குறிகள் தோன்றின. 2000-இல் அதே பல்கலைக்கழகத்தார் கடும் மனச்சோர்வுற்ற சிலர்க்கு இதனை அளித்தபோது, மூன்று நாள்களுக்குள் அச்சோர்வு தணிந்தது. பழைய மருந்துகள் வேலை செய்யப் பல வாரங்கள் பிடிக்கும். 2019-இல் இதன் உறவான எஸ்கெட்டமின், பிற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்கு மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

ஈண்டு இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, பழி பற்றியது. ஆய்வுக்கூடத்தில் எண்ணம் சிதறியவரை எவரும் கோழை என்றோ ஒழுக்கங்கெட்டவர் என்றோ கூறவில்லை. மருந்தின் செயல் என்றே கொண்டனர். அவ்வாறாயின், ஊசியின்றியே மூளை தடுமாறும் அண்டை வீட்டாரை மட்டும் பழிப்பது எவ்வாறு முறையாகும்? 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்னும் அறிவுரை, முறிந்த காலினனை ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, மருந்தின் எல்லை பற்றியது. மயக்க மருந்தாகவும் மனச்சோர்வுக்கு மருந்தாகவும் உதவும் கெட்டமின், முறையின்றி நுகரப்படுகையில் சிறுநீர்ப்பையைச் சிதைக்கும் நஞ்சாகிறது. சிங்கப்பூர்ச் சட்டத்தில் அது கட்டுப்படுத்தப்பட்ட போதைப்பொருள். பொருள் ஒன்றே, அளவும் நோக்கமும் கண்காணிப்புமே அதனை மருந்தாக்குகின்றன. அது தரும் நிவாரணமும் நிலையானதன்று. ஒரு முறை பெற்ற பயன் சில நாள்களில் தேயக்கூடும். குளுட்டமேட் வழியே மனப்பிளவு நோயைத் தீர்க்க முயன்ற புதிய மருந்து ஒன்று, பெருஞ்செலவுக்குப் பின் 2012-இல் கைவிடப்பட்டது. ஏற்பியை அறிந்ததனாலேயே மனிதனை அறிந்துவிட்டதாகாது. ஞாயிறுதோறும் லிட்டில் இந்தியாவில் கூடும் தொழிலாளருள் ஒருவர் கடனாலும் பிரிவாலும் உளம் நைந்தவராயின், மருந்து அவர் சோர்வைக் குறைக்கலாம். கடனை அடைக்காது, பிரிவை நீக்காது.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தை முடிக்குமிடத்து, நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுபவர் என நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்றார். அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும் இந்நான்கனுள் அது செம்மை செய்வது பெரும்பாலும் இரண்டையே. நோயுற்றவர் வாய்திறக்கும் துணிவும், உடனிருப்பவரின் பரிவும் எந்த ஆய்வுக்கூடத்திலும் விளைவதில்லை. தற்கொலைக்கு முயல்வது 2020 சனவரி முதல் இந்நாட்டில் குற்றமன்று. சட்டம் தண்டிப்பதை விட்டுவிட்டது. சமுதாயம் இன்னும் விடவில்லை.

வகுப்பில் திடீரென வாய்மூடிப்போன மாணவனைச் சோம்பேறி எனக் கடிவதற்கு முன், ஆசிரியர் ஒருகணம் அருகமர்ந்து வினவுவாராயின், வள்ளுவர் சொன்ன நான்காம் கூறு அங்கேயே தொடங்கிவிடும். ஏற்பிகளைத் திறக்கும் சாவியை அறிஞர் தேடட்டும். நோயுற்றவர்க்குக் கதவைத் திறப்பது உற்றார் கடன்.