தை பிறந்த பிறகு

மார்கழி வந்தால் நம் தெருக்களே வேறு மாதிரி விடியும். ஆறரை மணி வரை புரண்டு படுப்பவர்கள்கூட நாலரைக்கு எழுந்து, பனியில் வாசல் தெளித்து, கோலம் போட்டு, நடுவில் பூசணிப்பூ வைத்து, கோயிலுக்கும் போய் வந்துவிடுவார்கள். மாதம் முழுக்க இது நடக்கும். பொங்கல் முடிந்த வாரம் பாருங்கள், அதே வீட்டில் பழையபடி ஆறரை மணிதான்.

ஒரு மாதம் செய்த காரியம் ஏன் ஒட்டவில்லை? மன உறுதி போதவில்லை என்று நம்மை நாமே நொந்துகொள்கிறோம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மார்கழியில் நம்மை எழுப்பியது கோயில் ஒலிபெருக்கி. எதிர்வீட்டு வாசலில் தண்ணீர் தெளிக்கும் சத்தம். சன்னதியில் சுடச்சுடக் கிடைக்கும் வெண்பொங்கலும்தான். தை பிறந்ததும் இவை எல்லாம் ஒன்றாக நின்றுவிடுகின்றன. எழுப்புவதற்கு எதுவும் இல்லை, அதனால் நாம் எழவில்லை.

21 நாள் செய்தால் எதுவும் பழகிவிடும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜரி மருத்துவர் 1960-இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய பேச்சு அது. அறுவை சிகிச்சை செய்துகொண்டவருக்குத் தன் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்பதுதான் அவர் கண்டது. நாம் அதை எல்லாவற்றுக்கும் கெடுவாக வைத்துக்கொண்டோம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும், பழக்கம் படிய உண்மையில் எத்தனை நாள் ஆகிறது என்று பார்க்க, 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவுச் சாப்பாட்டுக்கு முன் கால் மணி ஓட்டம் என்று ஆளுக்கொரு சின்னக் காரியம். யோசிக்காமலே அதைச் செய்யும் நிலை வர ஏறக்குறைய 66 நாள் பிடித்தது. ஒருவருக்கு 18 நாளே போதுமாக இருந்தது. இன்னொருவருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது.

நாள் கணக்கைவிட அந்த 96 பேர் செய்துகொண்ட ஏற்பாடுதான் எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. தினமும் எப்படியும் நடக்கிற ஒன்றோடு புதிய காரியத்தைச் சேர்த்துவைத்தார்கள். காலையில் பிரஷர் மாத்திரையை மறந்துவிடுகிற பெரியவர் உங்கள் வீட்டில் இருக்கிறாரா? மாத்திரை அட்டையை அலமாரியிலிருந்து எடுத்து, இரவில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைக்கும் இடத்தில் வையுங்கள். கண்ணாடி இல்லாமல் அவருக்குப் பொழுது தொடங்காது. நடக்கப் போக வேண்டும் என்பவர்களுக்குப் பால் பாக்கெட் இருக்கிறது. அது பன்னிரண்டு மாதமும் வருகிறது. பாலை எடுக்கக் கதவைத் திறந்த கையோடு தெருமுனை வரை போய்விட்டு வரலாம். முதலில் அவ்வளவு போதும்.

நடுவில் காய்ச்சல் வரும், கல்யாணம் வரும், ஊருக்குப் போவோம். ஒரு நாள் விட்டுப்போனதும் "எல்லாம் போச்சு" என்று முழுசையும் கைவிடுகிறவர்களைப் பார்த்தால் மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவதில் சொல்லும்படியான பாதிப்பு இல்லை என்பதையும் அந்த லண்டன் ஆய்வு காட்டியது. சனிக்கிழமை கல்யாண வீட்டில் நடை விட்டுப்போயிருந்தால், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு நடக்க வேண்டாம். பாலை எடுங்கள், தெருமுனை வரை போய் வாருங்கள்.