அபினில் பிறந்த மருந்தும் நம் வீட்டு நோயாளியும்



நான் ஆலிமும் அல்லன், வைத்தியனும் அல்லன். மதரஸாவில் ஓதி, தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முடித்து, மளிகைக் கடையில் உட்கார்ந்தவன். ஆகவே இவ்விஷயத்தில் நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். டாக்டர் மருந்தை எழுதிக் கொடுத்துவிடுகிறார். வீட்டுக்கு வந்த மருந்தை நோயாளியின் வாயில் ஊற்றுவதா, அலமாரியில் வைத்துப் பூட்டுவதா என்று முடிவு செய்கிறவர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம். அந்த முடிவை ஒரு தடவை நான் செய்திருக்கிறேன். அதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

2019-ஆம் வருடம் எங்கள் வாப்பாவுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் கண்டு, அது முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பரவிவிட்டது. வயது எழுபத்தெட்டு. நாற்பது வருடம் பினாங்கில் அரிசி மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றி இறக்கிய உடம்பு. வலிக்கிறது என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு புட்டி தண்ணீர் மருந்தைக் கொடுத்து, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை இவ்வளவு என்று அளவும் காட்டினார்கள். கூட வந்த சாச்சா, "இது என்ன மருந்து?" என்று கேட்டார்கள். மிஸ்ஸி, "மார்ஃபின்" என்றார். வீடு வந்து சேரும் வரை காரில் யாரும் பேசவில்லை.

மார்ஃபின் அபினிலிருந்து எடுப்பது. அபின் என்ற சொல்லுக்கு இந்த நாட்டில் என்ன பொருள் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் கல்கத்தாவில் ஏலம் போன அபின் பெட்டிகள், நம் முன்னோர்கள் கடந்த அதே வங்கக்கடலைக் கடந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. இங்கே அதைச் சண்டாகக் காய்ச்சி விற்றார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் குடியேற்றங்களின் அரசாங்க வருமானத்தில் ஏறக்குறையப் பாதி அபினிலிருந்தே வந்த வருடங்கள் உண்டு. யுத்தம் முடிந்து, 1946-ல்தான் சிங்கப்பூரில் சண்டு புகைப்பது முற்றாகத் தடை செய்யப்பட்டது. மலாயாவின் அபாயகர மருந்துகள் சட்டம் 1952-ல் வந்தது. கடத்தினால் தூக்கு என்று கேட்டே என் வயதுக்காரர்கள் வளர்ந்தோம். கட்டாயத் தூக்கு 2023-ல் நீங்கிவிட்டது, தண்டனை நீதிபதியின் முடிவுக்கு விடப்பட்டது. ஆனாலும் சட்டம் மாறும் வேகத்தில் மனத்தின் பயம் மாறுவதில்லை.

நிற்க. அன்று இரவு காக்கா, சாச்சா, நான் ஆகிய மூவரும் கூடி உட்கார்ந்தோம். சாச்சா சொன்னார்கள்: "போதை வஸ்து ஹராம். நோயைப் பொறுத்தால் பாவம் உதிரும்." காக்கா சொன்னார்கள்: "பழகிட்டா அப்புறம் நிறுத்த முடியாது. நம்ம வாப்பாவையா அபின்காரர்னு பேர் எடுக்க வைக்கிறது?" நான் சொன்னது மூன்றாவது: "மயக்கத்தில் கிடந்தால் சகராத்து நேரத்தில் கலிமா வாயில் வருமா?" மூன்றும் பக்தியான பேச்சுகளாகவே எங்களுக்குப் பட்டன. கடைக் கணக்குப் புத்தகங்கள் வைக்கும் இரும்பு அலமாரியில் புட்டியை வைத்துப் பூட்டினேன். சாவி என் இடுப்பில். வாப்பாவுக்குப் பனடோல் மட்டும் கொடுத்தோம்.

அந்த ஒன்பது இரவுகளை நான் அதிகம் எழுதப் போவதில்லை. உம்மா அடுத்த அறையில் தஸ்பீஹ் உருட்டிக்கொண்டிருப்பார்கள். வாப்பா துண்டைச் சுருட்டிப் பல்லில் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார்கள். புரண்டு படுக்க முடியாது. காலையில் அந்தத் துண்டைத் துவைத்தது என் மனைவி. அவள் ஒன்றும் சொல்லவில்லை, துண்டை என் முன்னால் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

காக்காவின் பயம் வெறும் பயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு வியாபாரி, நல்ல தொழுகையாளி, லாரியிலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டார். முதலில் ஒரு கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரை. பிறகு அதே மாத்திரை பல இடங்களில். பிறகு கோடின் கலந்த இருமல் மருந்து, புட்டி புட்டியாக. அடி ஆறிப்போய் இரண்டு வருடமான பிறகும் மருந்து ஆறவில்லை. கடை கைமாறிவிட்டது. அவரை நினைத்துத்தான் காக்கா பேசினார்கள். உலகத்திலும் இதற்குச் சாட்சி ஏராளம். 1898-ல் ஜெர்மனியின் பேயர் கம்பெனி ஹெராயினை இருமல் மருந்தாக விற்றது. அமெரிக்காவில் பர்டியூ கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைக் கொண்டுவந்தது. அடிமையாகும் அபாயம் குறைவு என்று பொய் சொல்லி விற்றதைப் பிற்பாடு 2007-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டது. 2021 என்ற ஒரே வருடத்தில் அந்நாட்டில் போதை மருந்து அளவு மீறி மாண்டவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் அபின் இனத்து மருந்துகளால் மாண்டார்கள். அதிலும் பெரும்பாலானவை தெருவில் கள்ளத்தனமாக விற்கும் ஃபென்டானில். வியாபாரிகளாகிய நாம் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சரக்கின் குற்றத்தை மறைத்து விற்ற வியாபாரம் அது. நம் மார்க்கம் கண்டிக்கும் வியாபாரங்களில் அது முதல் வரிசை.

பத்தாம் நாள் பள்ளிவாசலில் எங்கள் ஆலிம்ஸாவைப் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ஹராம், ஹலால் பற்றி அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. நிர்ப்பந்தத்தில் சிக்கியவன், ஆசைப்படாமலும் எல்லை மீறாமலும், விலக்கப்பட்டதை எடுத்தால் அவன் மீது குற்றமில்லை என்பது குர்ஆனின் கருத்து. ஷாஃபிஈ மத்ஹபின் பழைய கிதாபுகளிலேயே, அழுகிய கையை வெட்டுவதற்கு அறிவை மயக்கும் மருந்து கொடுக்கலாமா என்ற கேள்வியை எடுத்து, கூடும் என்ற பக்கத்தையே பலமானதாக எழுதியிருக்கிறார்கள் என்றார்கள். சாச்சா சொன்ன பாவம் உதிரும் விஷயத்தையும் கேட்டேன். "முள் குத்தினாலும் பாவம் உதிரும் பாய். அதுக்காக முள்ளைப் பிடுங்காம விட்டவங்க யாரு?" என்றார்கள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "வாப்பாவைக் கேட்டீங்களா?" என்றார்கள்.

நான் நின்றுவிட்டேன். கேட்கவில்லை. மூன்று ஆண்பிள்ளைகள் கூடிப் பேசினோம், நோயாளி பக்கத்து அறையில் இருந்தார்கள், கேட்கவில்லை.

வலிப்பு நோயுள்ள ஒரு பெண்மணி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்ட ஹதீஸை மதரஸாவில் ஓதாதவர் நம்மில் குறைவு. பொறுத்தால் சுவர்க்கம் உண்டு, விரும்பினால் குணமாகத் துஆச் செய்கிறேன் என்று அவர்கள் கூற, அந்த அம்மையார் பொறுப்பதாகச் சொன்னார்கள். பொறுமைக்கு ஆதாரமாகவே இதை நாம் இத்தனை காலம் சொல்லி வந்திருக்கிறோம். ஆனால் அங்கே தெரிந்தெடுத்தவர் யார்? அந்தப் பெண்மணியின் அண்ணனா, மாமனா? வலியை அனுபவித்தவரிடமே கேட்கப்பட்டது, அவரே பதில் சொன்னார். என் சிற்றறிவுக்கு எட்டிய வரையில், சபூர் என்பது தன் உடம்பில் தான் செய்வது. அடுத்தவர் உடம்பில் நாம் சபூர் செய்ய முடியாது. என் பேணுதலை என் வரவில் எழுதிக்கொண்டு, அதற்கான செலவை வாப்பாவின் பற்றில் எழுதியிருந்தேன். இப்படி ஒரு பேரேட்டை என் கடைக் கணக்கப்பிள்ளை எழுதியிருந்தால் அன்றே அனுப்பியிருப்பேன். மேலும் அந்தப் புட்டி யாருடையது? வாப்பாவின் பெயர் ஒட்டியிருந்தது. ஓர் அமானத்தை அதன் சொந்தக்காரருக்குக் கொடுக்காமல் ஒன்பது நாள் பூட்டி வைத்திருந்தேன்.

வீட்டுக்குப் போய்க் கேட்டேன். வாப்பா வெகுநேரம் கழித்துச் சொன்னார்கள்: "வலிக்குதுன்னா நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லலே வாப்பா. குடு. ஆனா சுபுஹுக்கு அறிவு தெளிவா இருக்கணும். மத்ததை நீ பாத்துக்க."

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இதைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். டாக்டர் அம்மா கோபிக்கவில்லை, எங்களைப் போல எத்தனையோ பேர் வருகிறார்களாம். அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். பழகிப் போவது என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு காரியங்களை நாம் அடைத்து வைத்திருக்கிறோம். உடம்பு பழகுவது ஒன்று. சில வாரம் எடுத்தவர் திடீரென்று நிறுத்தினால் வேர்க்கும், வயிற்றோட்டம் வரும், உடம்பு முறியும். ஆகவே படிப்படியாகக் குறைக்க வேண்டும். இதில் அவமானம் ஒன்றுமில்லை. மனம் அடிமையாவது இரண்டாவது. கேடு என்று தெரிந்தும், வலி இல்லாத போதும், கடையை விற்றாவது அதைத் தேடுவது. முதலாவது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். இரண்டாவது, புற்றுநோய் வலிக்காகக் கண்காணிப்புடன் எடுப்பவர்களிடம் அபூர்வம். முதல் சில நாள் தூக்கம் வரும், பிறகு தெளியும். மலச்சிக்கல் மட்டும் போகாது, அதற்குத் தனி மருந்து கூடவே வேண்டும். அளவை நாமாகக் கூட்டினால் மூச்சு அடங்கிவிடும், ஆகவே கூட்டுவது டாக்டர் கையில். சிறுபிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைக்க வேண்டும். பூட்டு இதற்குத்தான்!

அப்படியானால் இடுப்பு வலிக்கும் கேட்கலாமே என்பீர்கள். இல்லை. மூட்டை தூக்கி வரும் இடுப்பு வலிக்கும் கழுத்து வலிக்கும் இந்த இனத்து மருந்தைக் கொடுத்து ஆஸ்திரேலியாவில் சோதித்தார்கள். வெறும் மாத்திரையைக் காட்டிலும் அது மேலாக இல்லை என்று 2023-ல் லான்ஸெட் பத்திரிகையில் வந்தது. ஆகவே நம் நண்பருக்கு லாபமே இல்லாத சரக்கில் முழு நஷ்டம். வாப்பாவுக்கோ மறுபுறம். பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிவிட்டோம். ஆபரேஷனுக்குப் பின் சில நாளைக்குக் கொடுப்பது மூன்றாவது வகை. அதிலும் எத்தனை நாள் என்று முதல் நாளே கேட்டுக்கொள்வது உத்தமம்.

இந்தப் பயத்தால் வாடியது எங்கள் வீடு மட்டுமன்று. இந்தியாவின் நிலையைப் பாருங்கள். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் அரசாங்க லைசென்ஸுடன் அபின் விளைகிறது, வெளிநாட்டு மருந்துக் கம்பெனிகளுக்கும் போகிறது. ஆனால் 1985-ல் வந்த கடுமையான சட்டத்துக்குப் பிறகு, உள்நாட்டு ஆஸ்பத்திரிகளில் மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. பாரம் நிரப்பவும் லைசென்ஸ் வாங்கவும் பயந்து மருந்துக்கடைகள் கைவிட்டுவிட்டன. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் அவருடைய தோழர்களும் ஒரு சங்கம் தொடங்கி, நோயாளிகள் வீட்டில் வைத்தே குடிக்கும்படி மார்ஃபின் கொடுத்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்து 2001-ல் வெளியிட்ட அறிக்கையில், மருந்து களவு போனதாகவோ தவறான கைக்குப் போனதாகவோ ஒரு சம்பவமும் காணப்படவில்லை. இந்தியச் சட்டம் 2014-ல் தளர்த்தப்பட்டது. உலக முழுவதும் ஒரு வருடத்தில் பகிரப்படும் இந்த மருந்து மார்ஃபின் கணக்கில் சுமார் 299 டன் என்றும், அதில் மிக ஏழை நாடுகளுக்குப் போவது 0.1 டன் என்றும் 2017-ல் லான்ஸெட் கமிஷன் எழுதியது. 3,000 மூட்டையில் ஒரு மூட்டை! நம் நாட்டில் அந்தப் பஞ்சம் இல்லை. வீடு தேடி வந்து பார்க்கும் தர்ம ஸ்தாபனங்களும் உண்டு. கோலாலம்பூரில் ஹாஸ்பிஸ் மலேசியா 1991 முதல் நடக்கிறது, காசு வாங்குவதில்லை. மருந்து கிடைக்கும் நாட்டில் இருந்துகொண்டு அலமாரியில் பூட்டியவர்கள் நாம்.

வாப்பா மூன்று நாள் தூங்கித் தூங்கி விழுந்தார்கள். சாச்சா என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. நான்காம் நாள் சுபுஹுக்கு முன்னால் தாமாகவே ஒளுவுக்குத் தண்ணீர் கேட்டார்கள். அதன் பின் ஏழு வாரம் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளுக்கு யாசீன் ஓதிக் கொடுத்தார்கள். எனக்குத் தெரியாத இரண்டு பழைய கடன்களைச் சொல்லித் தீர்க்கச் சொன்னார்கள். அவற்றில் ஒன்று 1980-களில் ஒரு சீனத் தவ்கேயிடம் வாங்கிய முந்நூறு வெள்ளி. பேரைத் தேடிப் பிடித்து அவருடைய மகனிடம் கொடுத்தேன்.

கடைசி இரண்டு நாள் கண் திறக்கவில்லை. நோயால் வந்த தூக்கம் என்றார் டாக்டர். மருந்தால் வந்தது என்கிறார்கள் சாச்சா, இன்றும். காதில் கலிமா சொல்லிக்கொண்டேயிருந்தோம். உதடு அசைந்ததை நான் பார்த்தேன், காக்கா பார்க்கவில்லை. இதை எனக்கு யாரும் தீர்த்துத் தர முடியாது, நானும் கேட்பதில்லை.

மையித்தை அடக்கிய நான்காம் நாள், மீதியிருந்த மருந்தை ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கிருந்த மலாய்ப் பிள்ளை புட்டியை வாங்கி அளந்து, கொடுத்த தேதிகளையும் அளவுகளையும் கணக்குப் பார்த்து, நாம் இருப்பெடுக்கும்போது செய்வது போலவே புருவத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்: "பாச்சிக், இவ்வளவு மிச்சம் இருக்கக் கூடாதே?"

முதல் ஒன்பது நாள் கொடுக்கவில்லை என்றேன். அவர் அதையும் எழுதிக்கொண்டார்.