ஊசி சொல்லும் சாட்சி

அக்குபங்சர் ஊசி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் தடிமன்தான். மருந்து செலுத்தும் துளை அதில் கிடையாது. தோலில் இறங்கும்போது எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருக்கும். சிலருக்கு அதுகூடத் தெரியாது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில், ஹெகு என்னும் புள்ளியில், ஊசியை இறக்கி மெல்லத் திருகும்போதுதான் உடம்பு பேசத் தொடங்குகிறது. மந்தமான ஒரு கனம் பரவும், கடுக்கும், சதை உப்பி மரத்துப்போனது போலிருக்கும். திருகுபவரின் விரலுக்கும் ஊசியை உள்ளே ஏதோ பிடித்துக்கொண்டது தெரியும். ச்சி என்ற உயிராற்றல் ஊசியிடம் வந்து சேர்ந்ததன் அடையாளம் இது என்று சீன மருத்துவ மரபு சொல்கிறது. அந்தக் கனத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அது ச்சி இருப்பதற்குச் சாட்சி ஆகுமா?

ஆகாது என்பதே என் முடிவு. கனம் காட்சி, அதாவது நேரே உணர்வது; ச்சி கருதல், அதாவது அதிலிருந்து ஊகிப்பது. நம் அளவை (தர்க்க) நூல்கள் இரண்டையும் பிரித்து வைத்தது காரணமில்லாமல் அல்ல. புகையை வைத்து நெருப்பைச் சொல்லலாம், வேறெதிலிருந்தும் புகை வராது என்றால் மட்டுமே. இங்கே அப்படியில்லை. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் ஹெலன் லாஞ்செவின் குழு ஆராய்ந்தபோது, திருகும் ஊசியை இணைப்புத் திசு சுற்றிக்கொள்வது தெரிந்தது. மரபுப் புள்ளிகளில் பிடி சற்றுக் கூடுதல். ஆனால் புள்ளி அல்லாத இடத்திலும் திசு ஊசியைப் பிடிக்கத்தான் செய்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டு அனுபவம் பொய்யாகுமா என்று கேட்பார்கள். அனுபவம் பொய்யில்லை, இத்தனை தலைமுறைகள் உணர்ந்தது அந்தக் கனத்தை, ச்சியை அல்ல.

அப்படியானால் கிடைக்கும் நிவாரணம் வெறும் பிரமை என்று எதிர்த்தரப்பு முடிவுகட்டுவதையும் ஏற்க முடியாது. ஜெர்மனியில் நடந்து 2007இல் வெளியான ஆய்வொன்றில், நாள்பட்ட முதுகுவலிக்காரர்கள் 1162 பேரில், ஆறு மாதம் கழித்துப் பலன் கண்டவர்கள் முறையான அக்குபங்சரில் 47.6 சதவீதம், புள்ளிகளைத் தவிர்த்து மேலோட்டமாகக் குத்திய போலி முறையில் 44.2, வழக்கமான சிகிச்சையில் 27.4. ஊசி கிடைக்காத ஏமாற்றமும் கடைசி எண்ணைக் கொஞ்சம் இறக்கியிருக்கலாம். இருந்தாலும் குத்தலும், அக்கறையான கையும், அரைமணி நேரம் அசையாமல் படுத்திருப்பதும், நம்பிக்கையும் சேர்ந்து ஏதோ செய்கின்றன என்றே நான் நினைக்கிறேன். வலி என்பதே அனுபவம்தான். அது குறைந்ததென்று வலித்தவர் சொன்ன பிறகு, இல்லையென்று தீர்ப்புச் சொல்ல யாருக்கு உரிமை?

குணமானால் போதாதா, விளக்கம் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. விளக்கத்தைப் பொறுத்துத்தான் அடுத்து வரும் உணர்வை நாம் படிக்கிறோம். ஊசி எடுத்த இடத்தில் துளி ரத்தம், சிறு கன்றல், கொஞ்சம் தூக்கக் கலக்கம், எப்போதாவது ஒரு மயக்கம் ஆகியவை சாதாரணம். மார்பிலோ மேல்முதுகிலோ குத்திய பிறகு மூச்சுத் திணறுவது அப்படியல்ல. அபூர்வமாக ஊசி நுரையீரலைத் துளைத்துவிடுவதுண்டு. ச்சி சீராகிறது என்று காத்திருக்கும் நேரம் அல்ல அது. உடனே மருத்துவமனைக்குப் போய் மார்பு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.