யாருக்கு முதல் மரியாதை?

பரிவட்டம் என்பது தலையில் சுற்றும் ஒரு துண்டுத் துணி. அதை முதலில் யாருக்குக் கட்டுவது என்பதில் ஊர் இரண்டுபட்டு, திருவிழா நின்று, வருவாய்த் துறை அதிகாரிகள் சமாதானக் கூட்டம் போடுவது தமிழ்நாட்டில் புதிதல்ல. 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டமே 63-ஆம் பிரிவில் இதற்கு இடம் வைத்திருக்கிறது. வழக்கப்படி ஒருவருக்குக் கோயில் மரியாதை உண்டா என்று அதிகாரி விசாரித்து முடிவு சொல்லலாம். சாமி சந்நிதியில் யார் முந்தி என்பதற்குக் கோப்பு நகர்கிறது!

மரியாதை கேட்பவர்களின் வாதத்தை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. பாட்டன் காலத்தில் நிலம் எழுதிவைத்திருப்பார்கள், மண்டபம் கட்டியிருப்பார்கள். அதற்கு ஊர் காட்டும் நன்றி என்றால் நியாயமே. ஆனால் நன்றி, அடுத்தவருக்கும் கிடைப்பதால் குறைந்துவிடாது. பக்கத்துத் தெருக்காரருக்கும் அதே பரிவட்டம் கட்டினால் நமக்கு இழிவு என்று ஒரு சாரார் கொதித்தால், அவர்கள் காக்க நினைப்பது அடுத்தவர் பின்னால் நிற்கும் அந்த இடத்தைத்தான்.

இதில் கூலி வேலைக்குப் போகிறவனின் நிலைதான் விசித்திரம். பரிவட்டம் அவன் தலைக்கு ஒருநாளும் வரப்போவதில்லை. ஆனாலும் அது பெரிய வீட்டுக்காரருக்கு மறுக்கப்பட்டால் அவனுக்கும் தலைகுனிவு. வழக்குச் செலவுக்கு வரி கொடுப்பான்; கைகலப்பானால் ஜாமீனுக்கும் அலைவான். போகட்டும், விட்டுக்கொடுப்போம் என்று எண்ணுகிறவர்கள் எல்லாத் தெருவிலும் உண்டு. வாய் திறந்தால் விலைபோனவன் என்ற பெயர் வரும். சொந்த நிலத்தை விட்டுக்கொடுத்தால் பெருந்தன்மை. சாதியின் பெயரை விட்டுக்கொடுத்தால் துரோகம்.

பரிவட்டத்தில் மட்டுமல்ல, தேர் வடத்திலும் இதே கதைதான். சிவகங்கை மாவட்டம் கண்டதேவி சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயிலில், நாடு எனப்படும் நான்கு ஊர்த் தொகுதிகளின் நாட்டாருக்கும் தேர் வடம் பிடிக்கும் உரிமை வழக்கமாக இருந்தது. தலித் மக்கள் தங்களுக்கும் வடம் வேண்டும் என்றபோது பிணக்கு நீதிமன்றம் போனது. அந்தப் பிணக்காலும் பிறகு பழுதாலும் தேர் பல ஆண்டுகள் ஓடவில்லை. உயர்நீதிமன்றம் அழுத்திய பிறகு, 2024 ஆனியில் பலத்த போலீஸ் காவலோடு ஓடியது.

சட்டம் ஒழுங்கு என்று விழாவை நிறுத்தினால் அதிகாரிகளுக்கு நிம்மதி. பார்ப்பவர்களுக்கு நடுநிலை போலவும் தெரியும். அப்படி நிற்கும்போது வடம் பிடித்துவந்தவர்கள் இழப்பது ஒரு விழாவை. கேட்டவர்களுக்கோ, அவர்கள் கேட்டதே குற்றம் என்றாகிவிடுகிறது. ஊர் பேசும்போதும் “இவர்களால்தான் தேர் நின்றது” என்கிறதே தவிர, தடுத்தவர்கள் பெயர் அடிபடுவதில்லை.