நஞ்சுதான் முதலில் வரும்



பாற்கடலைக் கடைந்த கதை உங்களுக்குத் தெரியும். பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். சமய வகுப்பில் படம்கூட வரைந்திருப்பீர்கள். ஒரு கேள்வி கேட்கிறேன். கடையக் கடைய முதலில் வந்தது எது? அமுதம்னு சட்டென்று சொல்லிடாதீங்க. ஆலகால நஞ்சுதான் முதலில் வந்தது என்கிறது பாகவதம். அமுதம் கடைசியில்தான்.

இந்த உண்மை எனக்கு நன்றாகப் புரிந்தது ஒரு பயணத்தில். ஈஸ்ட் கோஸ்டில் கேபிள் வேக்போர்டு பழகிய நாங்கள் ஆறு பேர், ஒரு போட்டிக்காகத் தாய்லாந்து போனோம். பேங்காக்கை அடுத்த பதும் தானி மாநிலத்தில், லாம் லுக் கா வட்டாரத்தில் இருக்கிறது தாய் வேக் பார்க்.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் படகு கிடையாது. குளத்தைச் சுற்றி உயரமான கம்பங்கள். அவற்றின் மேலே ஓர் இரும்பு வடம் மோட்டாரால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதில் மாட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பூட்டிய பலகையோடு, மணிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் தண்ணீர் மேல் போகவேண்டும். 1960-களில் ஜெர்மானியப் பொறியாளர் புரூனோ ரிக்ஸன் வளர்த்தெடுத்த முறை இது. பெரிய குளத்தில் ஒரே வடத்தில் ஒரே நேரத்தில் பலர் ஓட்டலாம். உங்களோடு மோதுகிறவரையும் உங்களையும் இழுப்பது அதே வடம்தான்.

இங்கே வாசுகியை நினைத்துப் பாருங்க. கயிறு ஒன்று. ஒரு பக்கம் தேவர், மறுபக்கம் அசுரர். யாராவது ஒரு பக்கம் கையை விட்டால் மத்து நின்றுவிடும்.

எங்கள் ஆறு பேரில் இருவர் பாலிடெக்னிக் காலத்திலிருந்து நெருங்கிய நண்பர்கள். போட்டியில் இருவருக்கும் ஒரே பிரிவு. தகுதிச் சுற்றில் ஒருவன் தேறினான். மற்றவன் முதல் திருப்பத்திலேயே விழுந்தான். திருப்பத்தில் கயிறு ஒரு கணம் தொய்ந்து, பிறகு வெடுக்கென்று இழுக்கும். கொஞ்சம் தப்பினாலும் தண்ணீருக்குள்தான். விழுந்தவன் பகுதிநேர வேலை செய்து, மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசில் வந்தவன்.

அன்று இரவு சாப்பிடும்போது அவன் பேசவே இல்லை. கடைசியில் வாயைத் திறந்து நண்பனிடம் சொன்னது இதுதான்: "உனக்கு என்னடா, உங்கப்பா எல்லாம் வாங்கித் தருவாரு."

மேசையில் ஒரு சத்தமும் இல்லை. நஞ்சு வந்தாச்சு.

தேறியவனுக்குப் பதில் சொல்லத் தெரியாதா? நாக்கு நுனி வரைக்கும் வந்ததை அவன் முகத்தில் நான் பார்த்தேன். ஆனால் அவன் சொன்னது, "சாப்பிடு மச்சான், சோறு ஆறுது." அவ்வளவுதான்.

சிவபெருமான் நஞ்சை என்ன செய்தார்? துப்பவில்லை. துப்பியிருந்தால் உலகம் எரிந்திருக்கும். வயிற்றுக்குள் இறக்கவும் இல்லை. கண்டத்தில் நிறுத்தினார். நம் கோபமும் அப்படித்தான். துப்பினால் நட்பு போய்விடும். விழுங்கினால் உள்ளே இருந்து அரிக்கும். நிறுத்தி வைக்கத் தெரியணும். தினமும் ஐந்து நிமிடம் கண்மூடி ஐந்தெழுத்தைச் சொல்லச் சொல்கிறார்களே, அது எதற்கு? அந்த ஒரு கணத்தில் நிறுத்தும் பலம் வருவதற்குத்தான்.

நிறுத்துவது என்றால் மறைப்பது என்று நினைக்காதீங்க. மறுநாள் காலையில் அவன் நண்பனைத் தனியாகக் கூப்பிட்டான். "நேத்து நீ சொன்னது எனக்கு வலிச்சுச்சுடா" என்று குரலை உயர்த்தாமல் சொன்னான். மற்றவன் பதில் பேசவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். நண்பனின் பலகையில் தளர்ந்திருந்த காலணிப் பூட்டைக் குனிந்து இறுக்கினான். இறுதிச் சுற்று முழுவதும் கரையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தினான்.

பதக்கம் எதுவும் வரவில்லை. ஆனால் சிலோம் சாலையில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர்கள் எழுப்பிய ஸ்ரீ மகா மாரியம்மன் கோயிலில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று கும்பிட்டார்கள்.

திரும்பும்போது சுவர்ணபூமி விமான நிலையத்தில், பாற்கடல் கடையும் பெரிய சிற்பம். எல்லாரும் தேவர்களையும் அசுரர்களையும் படம் எடுப்பார்கள். நீங்கள் போனால் அடியில் இருக்கும் ஆமையையும் பாருங்கள். மலை மூழ்காமல் தாங்குவது அந்தக் கூர்மம்தான். கரையில் நின்று பூட்டு இறுக்கியவன் அன்று செய்ததும் அதே வேலைதான்.

தம்பி தங்கைகளே, தைப்பூசத் தண்ணீர்ப்பந்தல் வேலை, செயற்குழுக் கூட்டம், உறுமி மேளக் குழு என்று எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் ஒரு நாள் நஞ்சு மேலே வரும். உடனே வாட்சாப் குழுவைவிட்டு வெளியேறுகிறவர்கள்தான் அதிகம். நஞ்சு வந்தால் கடைவது சரியாக நடக்கிறது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் பொறுங்க. சொல்ல வந்த சுடுசொல்லை ஓர் இரவு தொண்டையில் நிறுத்துங்க. மறுநாள் நேரில் போய்ப் பேசுங்க. கயிற்றை மட்டும் விட்டுடாதீங்க.

ஓம் நமசிவாய.