திருவடிநிலையின் ஏற்றம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருக்கோயில் வாசலில் நாம் முதலில் செய்வது பாதரக்ஷைகளைக் கழற்றி வைப்பது. உள்ளே சென்று எம்பெருமானை ஸேவித்து, தீர்த்தம் பெற்று, முடிவில் தலைகுனிந்து ஏற்பதும் ஒரு பாதரக்ஷையையே. கழற்றி வைத்தது நம்முடையது. முடிமேல் ஏற்றது அவனுடையது. இவ்விரண்டுக்கும் உள்ள வாசியைச் சிறிது அநுபவிப்போம்.

பாதத்தை ரக்ஷிப்பது பாதரக்ஷை. கல்லும் முள்ளும் சுடுமணலும் அடியில் படாதபடி இடையே நின்று, தான் தேய்ந்து பாதத்தைத் தேயாமல் காப்பதே அதன் தொழில். தோற்செருப்பில், தரையில் படும் அடித்தோலும், பாதம் பதியும் மேல்தோலும், விலகாதபடி பிடிக்கும் வாரும் ஒன்றாகத் தைக்கப்படுகின்றன. மரப்பாதுகைக்கோ வாரில்லை. பாதத்தின் வடிவாகச் செதுக்கிய கட்டை, அதை உயர்த்தி நிறுத்த அடியில் முன்னும் பின்னும் இரண்டு தாங்கல்கள், பெருவிரலும் அடுத்த விரலும் பற்றிக்கொள்ள மேலே ஒரு குமிழ். இவ்வளவே அதன் அமைப்பு.

இங்கே நோக்க வேண்டியது ஒன்று உண்டு. செருப்பில் வார் பாதத்தைப் பிடிக்கிறது; பாதுகையிலோ பாதம் குமிழைப் பிடிக்கிறது. பாதம் பற்றினால் பாதுகை நடக்கும். விட்டால் விட்ட இடத்திலேயே கிடக்கும். தனக்கென்று ஒரு போக்கில்லாத இந்நிலையையே நம் பூர்வாசார்யர்கள் பாரதந்த்ர்யம் என்று அருளிச்செய்தார்கள்.

இந்நிலையை நடத்திக் காட்டியவன் ஸ்ரீபரதாழ்வான். பொன்னணிந்த பாதுகைகளைக் கொணர்ந்து, அவற்றில் திருவடி சாத்தியருள வேண்டுமென்று சித்ரகூடத்தில் பெருமாளைப் பிரார்த்தித்தான். பெருமாளும் ஏறி இறங்கித் தந்தருளினார். அதன்பின்பே அவர் தண்டகாரண்யம் புகுந்தது. காடு செல்பவர், காலுக்கு வேண்டிய காவலை நாட்டுக்கு வைத்துப் போனார்! பரதாழ்வான் அவற்றைத் தலையில் தாங்கி வந்து நந்திக்ராமத்தில் எழுந்தருளப்பண்ணி, குடையும் சாமரமும் ஸமர்ப்பித்து, ராஜ்ய காரியங்களை அவற்றினிடம் விண்ணப்பித்தே 14 ஆண்டுகளும் நடத்தினான். பெருமாள் மீண்டெழுந்தருளியபோது தானே அவற்றைத் திருவடிகளில் சாத்தினான். அரசுக்கு அடையாளமாகத் தலையில் அணிவது கிரீடம். இங்கு அரசாண்டதோ காலில் அணிவது.

இவ்வேற்றத்திலே ஈடுபட்டு ஸ்வாமி தேசிகன் 32 பத்ததிகளாக 1008 ச்லோகங்கள் கொண்ட பாதுகா ஸஹஸ்ரத்தை அருளிச்செய்தார். அதில் நாதபத்ததி என்னும் ஒன்று மட்டுமே 100 ச்லோகங்கள். பாதுகையின் ஒலியொன்றையே அநுபவிப்பது அது.

எம்பெருமான் ஸந்நிதியில் நம் முடிமேல் வைக்கப்படும் ஸ்ரீசடாரி நம்மாழ்வாரே என்பது ஸம்ப்ரதாயம். அவ்வாழ்வாரின் திருவடிநிலையை ஸ்ரீராமாநுஜம் என்றும், உடையவரின் திருவடிநிலையை முதலியாண்டான் என்றும் வழங்குகிறோம். ஆழ்வாரும் ஆசார்யர்களும் விரும்பிய பதவி தலையன்று, அடியே.

இக்கைங்கர்யத்துக்கு வாயிலும் அகலம். திருவேங்கடமுடையானுக்கென்று தோலால் திருவடிநிலை செய்து ஸமர்ப்பிக்கும் அடியார்கள் உண்டு. அலிபிரியில் அவன் திருவடிநிலைகளைக் குலமும் செல்வமும் பாராமல் பக்தர்கள் தலையில் ஏந்தி வலம் வருவதை இன்றும் காணலாம். தோலைத் தொட்டுத் தைத்த கைகளை உலகம் வாசலுக்கு வெளியே நிறுத்திய காலத்திலும், அக்கைகள் செய்தது அவன் திருவடிக்கென்றே ஆயிற்று. இதைக் கேட்ட பின்பும் அடியாரிடையே ஏற்றத்தாழ்வு நினைப்போமாகில், நாம் வாசலில் கழற்ற வேண்டியதைக் கழற்றாமலே உள்ளே புகுந்தவர்கள் ஆவோம்.

நம் நிலையையும் எண்ணிப் பார்ப்போம். ஸ்ரீசடாரி அருகில் நிற்பவருக்கு முதலில் ஸாதிக்கப்பட்டு நமக்குப் பின்னர் வந்தால் முகம் வாடுகிறோம். அடியாயிருக்கும் தன்மையைத் தரவந்ததன் கீழே நின்றுகொண்டே முதன்மைக்கு வழக்காடுகிறோம்! ஒரு ஜோடிப் பாதுகையில் ஒருகால் வலது முன்னே செல்லும், ஒருகால் இடது முன்னே செல்லும். முந்தியது செருக்குவதில்லை, பிந்தியது வருந்துவதில்லை. இரண்டையும் நடத்துகிறவன் ஒருவனே என்பதால்.

கடல் கடந்து வாழ்ந்து, ஸ்ரீசடாரி பெறும் பாக்யம் அரிதாக வாய்க்கும் அடியார்களும் குறைப்பட வேண்டா. திருவடி ஸம்பந்தத்தை நினைத்துத் தாழ்ந்த தலை எங்கிருந்தாலும், அது அவன் திருவடிநிலையின் கீழே இருக்கும் தலையே.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.