சயாமுக்குப் போவது

கோலா கிளாவாங் வட்டாரத்துத் தோட்டங்களிலே முதிய பெண்மணிகள் ஒருவரைக் குறித்து "சயாமுக்குப் போனவர்" என்று சொன்னால், அவர் திரும்பி வரவில்லை என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடும். வேறு விளக்கம் கேட்பார் இல்லை. அதே நாட்டுக்கு இன்று நம் வாலிபர்கள் பஸ் ஏறி உல்லாசமாய்ப் போய், உல்லாசமாய்த் திரும்புகின்றார்கள். நாட்டின் பெயரும் தாய்லாந்து என்று மாறிவிட்டது.

நமது தோட்டத்து லயத்திலே பிறந்து, இப்பொழுது நீலாயில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் வாலிபர் ஒருவர், 2024ஆம் வருஷத்துத் தீபாவளி விடுமுறையில் அவ்விதம் போய் வந்தார். ஹாட்யாயில் இரண்டு நாள், பாங்காக்கில் மூன்று நாள். "தாய்க் கலாசாரம் பார்த்துவிட்டு வந்தேன், அண்ணே" என்றார். என்ன பார்த்தீர் தம்பி என்று கேட்டோம். கண்ணாடிச் சாடிகளில் கஞ்சாப் பூவை வகை வகையாய் அடுக்கி, கிராமுக்கு இன்ன விலை என்று சீட்டு ஒட்டி வைத்திருந்த கடைகளைப் பற்றி அரைமணி நேரம் சொன்னார். கடைக்காரர் கொடுத்த ரசீதைக்கூட நற்சான்றுப் பத்திரம்போல் பணப்பையில் வைத்திருந்தார். பிறகு அவர் கேட்டதுதான் விஷயம்.

"அங்கே பில் போட்டு விற்கின்றார்கள். பாடாங் பெசாரைத் தாண்டி இப்பக்கம் வந்தால் அதே பொருளுக்குத் தூக்குக் கயிறு. என் உடம்பு இரண்டிடத்திலும் ஒரே உடம்புதானே? நான் செய்தது குற்றமா, இல்லையா? நீங்கள் படித்தவர், சொல்லுங்கள்."

நாம் இங்கிலீஷிலே படித்து, தோட்ட ஆபீஸிலே கணக்கெழுதுகின்ற கிராணி. படித்தவர் என்ற பேர் நமக்கு இலவசமாய்க் கிடைத்திருக்கின்றது. அன்றைக்குத் தேநீரைக் குடித்துவிட்டு, நேரமாயிற்று என்று எழுந்து வந்துவிட்டோம். இப்பொழுது அவர் மறுபடியும் புறப்படுகின்றார். திரும்பும்போது "சின்னப் பொட்டலம்" ஒன்று கொண்டுவந்தால் வழிச்செலவு முழுவதும் தருவதாக டவுனிலே ஒரு சிநேகிதர் சொல்லியிருக்கின்றாராம். இதை அவருடைய தாயார் நம் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னார். ஆதலால் அன்று விழுங்கிய பதிலை இன்று சொல்லியாக வேண்டியிருக்கின்றது.

சட்டம் விட்டதனால் சரி என்பவர் ஒருபுறம். சட்டம் தடுத்ததனால் பாவம் என்பவர் மறுபுறம். இருவரும் ஒரே மேடையில் நின்றுகொண்டுதான் சண்டையிடுகின்றார்கள். அந்த மேடை எவ்வளவு ஆட்டங்காணுவது என்று பாருங்கள். சயாம் சர்க்கார் கஞ்சாவைத் தடுத்தது 1934இல். மருந்துக்கு மட்டும் என்று தளர்த்தியது 2018 முடிவில். போதைப் பொருள் பட்டியலிலிருந்தே நீக்கியது 2022 ஜூன் 9ஆம் நாள். மூன்று வருஷங்கழித்து, 2025 ஜூனில், வைத்தியர் சீட்டில்லாமல் பூவை விற்கலாகாது என்று திரும்பக் கட்டியது. செடி அதே செடியாய்த்தான் நின்றது. இந்தியாவில் 1985ஆம் வருஷத்துச் சட்டம் பூவையும் பிசினையும் குற்றமாக்கி, இலையை விட்டுவிட்டது. அதனால் வடநாட்டிலே பங்கி அரைத்துக் குடிப்பவன் பண்டிகை கொண்டாடுகின்றான். அதே செடியின் பூவைப் புகைப்பவன் சிறைக்குப் போகின்றான். 'சிவமூலி' என்று பேர் சூட்டிவிட்டால் பாதிக் குற்றம் கழிந்துவிடும் என்று நினைக்கின்ற சாமியார்களைப் பற்றி இங்கே பேச இடமில்லை. 1893-94இல் வெள்ளைக்கார சர்க்கார் அமைத்த கமிஷன் இந்தியா முழுவதும் விசாரித்து, ஏழு பாகங்களாக அறிக்கை எழுதி, அளவாய் உபயோகிப்பதால் பெருங்கேடில்லை, அடியோடு தடுக்க வேண்டுவதில்லை என்று முடிவு கூறிற்று. அந்த சர்க்காருக்கு அதிலே தீர்வை வருமானம் இருந்தது என்பதையும் மறக்கலாகாது.

நம் தோட்டத்து அநுபவமே போதாதா? கள்ளுக்கடையைத் தோட்டத்துக்குள்ளேயே வைத்து, சட்டப்படி லைசென்ஸ் கொடுத்து, கூலி போட்ட அன்றைக்கே அக்கூலியைத் திரும்ப வாங்கிக்கொண்டது யார்? 1946-47இல் கெடாவிலே தொண்டர் படையினர் அக்கடைகளின் முன் மறியல் செய்தபோது, அடிபட்டவர்கள் குடியைத் தடுக்க வந்தவர்களேயன்றி விற்றவர்களல்லர். ஆகையால் சட்டப்படி விற்கின்ற பொருள் நல்லது என்ற பாடத்தை நமக்கு யாரும் கற்பிக்க வேண்டாம்.

ஆனால், சட்டம் நியாயத்துக்கு அளவுகோலாகாது என்று சொல்லிவிட்டு, அது வெறுங் காற்று என்று நினைப்பவன் மூடன். இந்நாட்டுச் சட்டப்படி 200 கிராமும் அதற்கு மேலும் கஞ்சா வைத்திருப்பவன் வியாபாரி என்று ஊகிக்கப்படுவான். வியாபாரியல்லன் என்று காட்டுகின்ற பாரம் அவன் தலைமேல் விழும். 1983 முதல் அக்குற்றத்துக்கு மரணம் ஒன்றே தண்டனையாயிருந்தது. இப்பொழுது நீதிபதிக்கு ஆயுள் சிறை விதிக்கவும் இடமுண்டு. அத்துடன் பன்னிரண்டுக்குக் குறையாத பிரம்படி. சிங்கப்பூரிலோ அதன் பிரஜை வெளிநாட்டிலே புகைத்திருந்தாலும் தண்டிக்கப்படுவான்.

அந்தச் சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர், வயது 46, 2023 ஏப்ரல் 26ஆம் நாள் தூக்கிலிடப்பட்டார். ஒரு கிலோவுக்குச் சிறிது மேற்பட்ட கஞ்சாவைக் கடத்துவதற்கு உடந்தை என்பது அவர்மேல் சாட்டிய குற்றம். பொட்டலம் அவர் கையில் பிடிபடவில்லை. இரண்டு தொலைபேசி எண்களைக் கொண்டு அவரைத் தொடர்புபடுத்தினார்கள். அந்த 2023 ஏப்ரலில் பாங்காக்கின் வீதிகளிலே நம் வாலிபர் பின்னர் பார்த்த கடைகள் விளக்குப் போட்டுத் திறந்திருந்தன. இரண்டு நகரங்களுக்கும் நடுவே விமானத்தில் இரண்டரை மணி நேரப் பிரயாணம். எந்த நியாயம் இரண்டரை மணி நேரத்தில் இப்படித் தலைகீழாகும் என்று கேட்கின்றோம். செடிக்காக மனிதனைக் கொல்வது எந்த ஊரிலும் தர்மமல்ல என்பதே நம் அபிப்பிராயம். இதைச் சொல்ல நாம் கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை.

எங்கள் ஜெலுபுவிலே, கோலா கிளாவாங் டவுனிலேயே, 'அடாட்' என்கிற வழக்கங்களுக்கென்று ஒரு பொருட்காட்சிச் சாலை இருக்கின்றது. "பியார் மத்தி அனாக், ஜாங்ஙான் மத்தி அடாட்" என்பது மலாய்க்காரர் பழமொழி. பிள்ளை செத்தாலும் சாகட்டும், வழக்கம் சாகலாகாது என்று பொருள். அதன் கம்பீரத்தை நாம் அறிவோம். ஆயினும் சாகின்ற பிள்ளை எப்பொழுதும் யார் வீட்டுப் பிள்ளை என்று ஒரு தாய் கேட்டால், அதற்கும் பதில் வேண்டுமல்லவா?

இனி வாலிபரின் கேள்விக்கு வருவோம். தம்பி, ஹாட்யாயில் நீர் புகைத்தது உம்முடைய உடம்பைப் பற்றிய காரியம். அதை நாம் பாவமென்று சொல்லமாட்டோம். இளவயதிலே அடிக்கடி புகைப்பவர் சிலருக்குச் சித்தம் கலங்குவதுண்டு. பழக்கத்துக்கு அடிமையாகின்றவர்களும் உண்டு. இவை வைத்தியர்கள் கண்டவை. அதற்குமேல் உம்முடைய புத்திக்கு விடுகின்றோம். பொட்டலத்தின் சங்கதியோ முற்றிலும் வேறு. வழிச்செலவு தருகின்ற சிநேகிதர் தாமே போய் வாங்கி வரலாமே! ஏன் போகவில்லை? பிடிபட்டால் போகின்ற கழுத்து தம்முடையதாயிருக்கலாகாது என்பதற்காகத்தான். ஒருவருடைய இன்பத்துக்கு வேறொருவரின் கழுத்தை வாடகைக்குப் பிடிப்பதைத் தோட்டத்துப் பிள்ளைக்கு நாம் விளக்க வேண்டுமா? நமது பாட்டன்மாரை இந்நாட்டுக்குக் கொண்டுவந்த கணக்கே அதுதானே. எந்தச் சட்டம் விட்டாலும் விடாவிட்டாலும் அது அநியாயம். எல்லைக்கு இப்புறமும் அநியாயம், அப்புறமும் அநியாயம்.

இன்னொன்றும் உண்டு, அதுதான் நமக்கு நெஞ்சிலே உறுத்துகின்றது. 'கலாசாரம் பார்த்தேன்' என்றீரே! அந்நாட்டார் அச்செடியைக் 'கன்ச்சா' என்றே அழைக்கின்றார்கள். நம் நாட்டுச் சொல்தான் கடல் தாண்டிப் போயிருக்கின்றது. அவர்கள் கிராமத்துக் கிழவிகள் அதன் இலையைக் குழம்பிலே போட்டார்கள். நாட்டு வைத்தியர்கள் மருந்திலே சேர்த்தார்கள். கண்ணாடிச் சாடிக் கடைகள் 2022க்குப் பின் முளைத்தவை. பெரும்பாலும் உம்மைப்போன்ற பிரயாணிகளின் பணத்தை எதிர்பார்த்தவை. அந்தக் கடையிலே நீர் கண்டது உம்முடைய ஆசையைத்தான். அதற்கு அந்நாட்டார் வாடகைக்கு இடம் கொடுத்திருந்தார்கள். 2025இல் அவர்களே சலித்துப்போய்க் கதவைப் பாதி சாத்திவிட்டார்கள்.

பாங்காக்கிலே சீலோம் வீதியில் தமிழர் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கின்றது. அங்கே தாய்க்காரரும் சீனரும் வரிசையில் நிற்கின்றார்கள். பெரிய ஊஞ்சல் கம்பத்துக்கருகே ராஜசபைப் பிராமணர்களின் கோயிலில் திருவெம்பாவையும் திருப்பாவையும், பொருள் தெரியாமலே, 'திரியம்பாவாய்' என்ற பேரில் இன்றும் ஓதப்படுகின்றன. கோயில் காரியங்களில் நமக்கு ஆர்வம் குறைவு. எனினும் ஒரு மொழி தன் பொருளை இழந்தும் ஒலியாய் உயிர்வாழ்வது யோசிக்கத்தக்கது. தெற்கே தகுவாபாவிலே ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. மணிக்கிராமத்து வணிகர் காவலில் விட்ட குளம் ஒன்றைப் பற்றி அது சொல்லுகின்றது. இவற்றில் ஒன்றையும் நீர் காணவில்லை.

காஞ்சனபுரி என்ற ஊரையும் காணவில்லை. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டபோது, மலாயாவிலிருந்து எழுபதினாயிரம் பேருக்கு மேல் கொண்டுபோனார்கள். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர். நல்ல சம்பளம், சாப்பாடு என்று ஆசை காட்டிச் சிலரையும், வழியிலே பிடித்து லாரியில் ஏற்றிச் சிலரையும் கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் மடிந்தவர்களைக் குவியலாய்ப் புதைத்தார்கள். காஞ்சனபுரியிலே நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் இருக்கின்றது. ஏறக்குறைய ஏழாயிரம் பேர் அங்கே கிடக்கின்றார்கள். வெட்டிய புல், வரிசையான பெயர்க் கற்கள். நம்மவர்க்கு ஒரு நடுகல் அண்மை ஆண்டுகளிலேதான், அதுவும் தமிழரே முயன்று, நாட்டினார்கள்.

இவ்வளவையும் அந்தத் தாயார் முன்னிலையில் வாலிபரிடம் சொன்னோம். பொட்டலத்தைப் பற்றிச் சொன்னபோது அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. காஞ்சனபுரி என்றபோதுதான் தாயார் வாய் திறந்தார்.

"என் பாட்டனார் அங்கேதான் போனாராம், ஐயா. அப்பா கைக்குழந்தையாம் அப்பொழுது. எந்த இடம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை."

வாலிபர் தாயாரைத் திரும்பிப் பார்த்தார். இதை நீ எனக்கு ஒரு நாளும் சொல்லவில்லையே அம்மா என்றார். நீ கேட்கவில்லையே என்றார் தாயார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. வெளியே செம்பனைக் குலை ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு போயிற்று.

பிறகு வாலிபர் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு, அங்கே போக ரயில் உண்டா, எங்கே ஏற வேண்டும் என்று கேட்டார். பாங்காக்கில் தொன்புரி ஸ்டேஷனில் ஏற வேண்டும் என்று சொன்னோம். தாயார் உள்ளே போய், தம் பாட்டனாரின் பெயரை ஒரு காகிதத்திலே எழுதித் தரும்படி நம்மிடம் பேனாவை நீட்டினார்.